வலியைச் சொல்வது பொறுமையின்மை அல்ல



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று நான்கு பக்கங்கள் கொண்டது. எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு 'மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ்' என்ற நோய் இருப்பதாக வைத்தியர்கள் கூறியிருக்கின்றார்கள். காலையில் எழுந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகின்றார், சமைக்கின்றார். பகல் சாயும்போது கால்கள் சோர்ந்து விடுகின்றன. இரவில் இரண்டு கால்களிலும் தணலைக் கொட்டியது போல எரிவு. சில நாட்களில் நெஞ்சைச் சுற்றி யாரோ கயிற்றால் இறுக்குவது போன்ற நோவு. "காலையில நல்லாத்தானே இருந்தா" என்று மாமி சொல்கின்றாராம். கணவர் நல்லவர், ஆனால் வெளியே ஒரு காயமும் தெரியாத நோவை எப்படி விளங்கிக் கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "ராத்தா, நான் நோவு நோவு என்று சொல்வது ஸப்ருக்கு மாற்றமா? இப்போது யாரிடமும் சொல்வதில்லை. தந்த குளிசை வலிப்புக்காரருக்குக் கொடுப்பது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதையும் நிறுத்திவிட்டேன்."

இந்தக் கடைசி வரி என்னைக் கவலை கொள்ளச் செய்தது. இச்சகோதரிக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோயை மட்டுமன்றி, வெளியே தெரியாத எத்தனையோ நோவுகளை மறைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கும் சகோதரிகள் நம் வீடுகளில் இருக்கின்றார்கள். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

முதலில் ஸப்ர் பற்றிய கேள்வி

அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இரட்சகனிடம் எடுத்துச் சொன்னதை அல்குர்ஆன் அன்பியா அத்தியாயத்தில் கூறுகின்றது. அதே அய்யூப் (அலை) அவர்களைத்தான் ஸாத் அத்தியாயத்தில் பொறுமையாளராகக் கண்டோம் என்று அல்லாஹ் புகழ்கின்றான். துன்பத்தைச் சொன்னவர் பொறுமையாளர் என்ற பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை.

அது அல்லாஹ்விடம் சொன்னது, மனிதரிடம் சொல்லலாமா என்று கேட்பீர்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் தமது தலைவலியை நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, நபியவர்கள் தமக்கும் தலை நோவதாகச் சொன்னார்கள். இமாம் புகாரி அவர்கள் தமது ஹதீஸ் தொகுப்பில் நோயாளிகள் பற்றிய பகுதியில், நோயாளி தனக்கு நோவு இருப்பதாகச் சொல்வது பற்றித் தனித் தலைப்பே இட்டிருக்கின்றார்கள். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரழி) அவர்கள் தம் உடம்பில் இருந்த ஒரு நோவைப் பற்றி முறையிட்டபோது, நபியவர்கள் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. நோகின்ற இடத்தில் கையை வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, குறிப்பிட்ட துஆவை ஓதுமாறு கற்றுக் கொடுத்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

நோகின்ற இடத்தில் கை வைக்க வேண்டுமானால், எங்கே நோகின்றது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? வைத்தியரும் அதைத்தான் கேட்கின்றார். அல்லாஹ்வின் தீர்ப்பைக் குறைகூறிப் புலம்புவது வேறு. பரிகாரம் தேடி நோவை எடுத்துச் சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டு வாய்மூடி இருப்பது ஸப்ரல்ல.

ஏன் இந்த நோவு?

மின்சார வயரின் மேல் ஒரு உறை இருப்பது போல நமது நரம்புகளின் மேலும் மயலின் என்ற கொழுப்பு உறை ஒன்று இருக்கின்றது. நோய்க்கிருமிகளோடு போராட வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி, தவறுதலாக மூளையிலும் முள்ளந்தண்டின் உள்ளே ஓடும் முண்ணாணிலும் கண் நரம்பிலும் உள்ள இந்த உறையைத் தாக்குவதே எம்.எஸ். நோயாகும். உறை கழன்ற வயரில் மின்சாரம் ஒழுங்காக ஓடுமா? செய்தி தாமதிக்கின்றது, தடைப்படுகின்றது. சில வேளை பொறி பறப்பது போலத் தானாகவே பொய்ச் செய்தியை அனுப்புகின்றது. காலில் நெருப்பு இல்லை. ஆனால் நெருப்பு இருப்பதாக நரம்பு மூளைக்குச் சொல்கின்றது. மூளைக்கு அது உண்மையான எரிவுதான். எனவே "எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1868ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் ஷார்கோ என்ற வைத்தியர் இந்நோயைத் தெளிவாக விபரித்தார். இது நோவில்லாத நோய் என்றே நீண்ட காலம் பலர் எண்ணியிருந்தனர். இந்நோயுள்ளவர்களில் பாதிக்கும் அதிகமானோர் ஏதோ ஒரு நோவை அனுபவிக்கின்றார்கள் என்பது இன்று தெரிந்த விடயம். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் சுமார் 28 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. ஆண்களை விடப் பெண்கள் இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், அதாவது ஒரு பெண் வீட்டையும் பிள்ளைகளையும் தோளில் சுமக்கும் காலத்தில், இது தலைகாட்டுகின்றது. குளிர் நாடுகளில் அதிகம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் குறைவு. அதனால்தான் அக்கம்பக்கத்தில் யாருக்கும் இந்தப் பெயரே தெரிவதில்லை. பெயர் தெரியாத நோய்க்குக் கண்ணூறு, சூனியம் என்று பெயர் வைத்துவிடுகின்றோம். ஓதிப் பார்ப்பதும் துஆவும் நல்லவையே. அவை மருந்தின் இடத்தைப் பிடிக்க வந்தவையல்ல. மருந்தோடு கூட வருபவை.

"நோவு" என்று மட்டும் சொல்லாதீர்கள்

நமது பேச்சில் நோவுக்கு எத்தனை சொற்கள்! எரிவு, குத்து, உளைவு, கடுப்பு, இழுப்பு, இறுக்கம், விறைப்பு. இவற்றுள் சரியான சொல்லை வைத்தியரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் எம்.எஸ். நோயில் வரும் நோவு ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு.

எரிவு: கால்களிலும் கைகளிலும் எரிவது, ஊசி குத்துவது, போர்வை பட்டாலே சுடுவது. இது நரம்பு நோவு. பெனடோல் போன்ற சாதாரண நோவுக் குளிசைகள் இதற்குப் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினால் ஈரல்தான் கெடும். அமிட்ரிப்டிலின், கபபென்டின், பிரிகாபலின், டுலொக்செடின் போன்ற மருந்துகளில் ஒன்றை வைத்தியர் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். தொடக்கத்தில் தூக்கக் கலக்கமும் சில மருந்துகளால் வாய் உலர்தலும் வரும். இரவில் மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்துங்கள். எரிவுள்ள இடத்தில் குளிர்ந்த ஈரத்துணி சிலருக்குச் சுகம் தரும்.

இறுக்கம்: நெஞ்சையோ வயிற்றையோ சுற்றி பட்டி போட்டு இறுக்குவது போன்ற நோவு. விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகள் இறுகுவதாலும், நரம்பின் பொய்ச் செய்தியாலும் வருவது. ஆனால் ஒரு எச்சரிக்கை. முதன்முறை நெஞ்சு நோவு வந்தால் அது எம்.எஸ். என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குச் சென்று இருதயத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள்.

மின்னல்: கழுத்தைக் குனிந்தவுடன் முதுகு வழியாகக் கைகால்களுக்கு மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்ச்சி. லெர்மிட் என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயரால் இதை அழைக்கின்றார்கள். நமது சகோதரிகளுக்கு இது தொழுகையில் குனியும்போதே அதிகம் தெரிய வரும். தொழும்போது மட்டும் வருகின்றதே, இது ஷைத்தானின் வேலையோ என்று பயந்து போகின்றவர்களும் உண்டு. பயம் வேண்டாம். கழுத்திலுள்ள முண்ணாண் மடங்கும்போது, உறை கழன்ற நரம்பு அதிர்வதுதான் காரணம். சில விநாடிகளில் போய்விடும். மெதுவாகக் குனியுங்கள், அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முகத்தில் குத்து: கன்னத்திலும் தாடையிலும் கத்தியால் குத்தியது போல் விநாடி நேர நோவு. பல் துலக்கும்போது, உணவை மெல்லும்போது, வுழூ செய்ய முகத்தில் நீர் படும்போது, காற்றுப் பட்டால்கூட வரும். பல் நோவு என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக் கொண்டவர்கள் இருக்கின்றார்கள். இதற்குக் கார்பமசெபின் என்ற மருந்து நன்றாக வேலை செய்கின்றது. முகத்தைத் தேய்க்காமல், இளஞ்சூடான நீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். அதுவும் முடியாத நாட்களில் என்ன செய்வதென்று நல்ல ஆலிம் ஒருவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

கண் நோவு: கண்ணை அசைக்கும்போது நோவு, பார்வை மங்கல், சிவப்பு நிறம் வெளிறித் தெரிதல். இது கண் நரம்பின் வீக்கமாக இருக்கலாம். வீட்டில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக் கொண்டிருக்காமல் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

இழுப்பு: கெண்டைக்கால் குறண்டுதல், கால் விறைத்து நீண்டு போதல். இரவில் அதிகம். பெக்லோபென், டிசானிடின் போன்ற மருந்துகளும் தினமும் செய்யும் நீட்டல் பயிற்சியும் இதற்கு உதவும். ஆனால் இழுப்பைத் தூண்டுவது எது என்றும் தேடிப் பார்க்க வேண்டும். சிறுநீர்க் கிருமித் தொற்று, மலச்சிக்கல், இறுக்கமான பாதணி, காலில் ஒரு சிறு புண், உள்ளே வளர்ந்த நகம் ஆகிய ஒவ்வொன்றும் இழுப்பைக் கூட்டும். அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்கின்றதே என்று தண்ணீரைக் குறைத்துக் கொள்ளும் சகோதரிகள் பலர். தண்ணீர் குறைந்தால் தொற்று வரும். தொற்று வந்தால் இழுப்பு கூடும்.

உளைவு: சரிவர நடக்க முடியாமல் சாய்ந்து நடப்பதால் இடுப்பிலும் முதுகிலும் முழங்காலிலும் வரும் நோவு. இதற்கு பெனடோல் உதவும். இயன்மருத்துவர் காட்டித் தரும் பயிற்சி இன்னும் உதவும். வேண்டுமானால் கைத்தடி பிடியுங்கள். இளம் வயதில் தடியா என்று வெட்கப்பட்டு விழுந்து எலும்பை முறித்துக் கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒரு சிறு கொப்பி வைத்துக் கொள்ளுங்கள். எங்கே நோவு, எப்படிப்பட்டது, எத்தனை மணிக்கு, எதைச் செய்யும்போது, பத்துக்கு எத்தனை என்று ஒரு வரி எழுதுங்கள். கிளினிக்கில் நெரிசலுக்கிடையில் வைத்தியர் ஐந்து நிமிடம்தான் தருவார். நாம் வாயடைத்துப் போய் "பரவாயில்லை டொக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். கொப்பி அப்படிச் சொல்லாது.

குளிசையின் பெயரைப் பார்த்து அஞ்சாதீர்கள்

கபபென்டினும் கார்பமசெபினும் வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படுபவை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவது. வலிப்பு நோயில் மூளையின் நரம்புகள் கட்டுப்பாடின்றிச் செய்தி அனுப்புகின்றன. அந்த ஓட்டத்தை அடக்கும் மருந்து, கால் நரம்பின் பொய்ச் செய்தியையும் அடக்குகின்றது. அவ்வளவுதான் விடயம். உங்களுக்கு வலிப்பு என்றோ, மனநோய் என்றோ அதற்குப் பொருளல்ல.

இன்னொன்றை அழுத்திச் சொல்கின்றேன். இம்மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நோவு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். பெக்லோபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரும் ஆபத்து உண்டு. நிறுத்த வேண்டுமானால் வைத்தியர் சொல்கின்றபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். கார்பமசெபின், கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைத்துவிடும் என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். குழந்தை எதிர்பார்த்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறுங்கள். மருந்தை மாற்றித் தருவார்.

வெக்கையும் அடுப்படியும்

1890ஆம் ஆண்டு ஊத்தொஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர், உடற்பயிற்சிக்குப் பின் சில நோயாளிகளின் பார்வை தற்காலிகமாக மங்குவதைக் கண்டார். உடல் சூடேறும்போது உறை கழன்ற நரம்புகளில் செய்தி இன்னும் தடைப்படுவதே இதற்குக் காரணம். நமது நாட்டின் வெக்கையில், அதுவும் அடுப்புக்கு முன்னால், இச்சகோதரிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். காலையில் நன்றாக இருந்தவர் பகலில் சோர்ந்து போவதன் இரகசியமும் இதில் இருக்கின்றது. மாமி கண்டது பொய்யல்ல. மருமகள் சொல்வதும் பொய்யல்ல.

இதனால் நோய் முற்றிவிடாது. உடல் குளிர்ந்ததும் நிலைமை திரும்பிவிடும். சமையலைச் சுபஹுக்குப் பின் வெக்கை ஏறும் முன்னரே முடியுங்கள். மரக்கறி வெட்டுவதையும் தேங்காய் துருவுவதையும் மின்விசிறிக்கருகில் கதிரையில் இருந்து செய்யுங்கள். கழுத்தில் ஈரத்துணி போடுங்கள். குளிர்ந்த நீரை அடிக்கடி அருந்துங்கள். வெளியே செல்லும் அபாயா மெல்லிய, காற்றோட்டமான துணியாக இருக்கட்டும். கொதிநீர்க் குளிப்பு வேண்டாம்.

நோகின்ற காலுக்குச் சுடுநீர்ப் பை வைப்பதும் சூடான எண்ணெய் பூசி உருவுவதும் நம் வீடுகளில் வழக்கம். எம்.எஸ். உள்ளவரின் கால் மரத்துப் போயிருக்கலாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். நீரின் சூட்டை வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும்.

தொழுகையும் நோன்பும்

மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நின்று தொழுமாறும், முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் விலாப்புறம் சாய்ந்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். கதிரையில் இருந்து தொழுவதைப் பார்த்து யார் என்ன சொல்வார்களோ என்று தயங்காதீர்கள்.

நோயாளி நோன்பை விட்டு வேறு நாட்களில் நோற்பதற்கும், நோற்கவே இயலாதவர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுப்பதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. இந்நோயுள்ள எல்லோரும் நோன்பை விட வேண்டும் என்பதில்லை. ஆனால் மூன்று வேளைக் குளிசையை நீங்களாகவே ஸஹருக்கும் இஃப்தாருக்கும் இரண்டாகப் பங்கிட்டுக் கொள்ள வேண்டாம். ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை வைத்து ஆலிமிடம் கேளுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

காய்ச்சலோ தொற்றோ வெக்கையோ இல்லாமல், புதியதொரு குறை தோன்றி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நோய் மீண்டும் தாக்கியிருக்கலாம். பார்வை மங்குதல், கால் பலமிழத்தல், சிறுநீர் அடைத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். இந்நோயை வேரோடு நீக்கும் மருந்து இல்லை. ஆனால் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்து 1993ஆம் ஆண்டில் முதன்முதலாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் பல வந்துள்ளன. அவற்றைப் பற்றியும் உங்கள் நரம்பியல் நிபுணரிடம் கேளுங்கள்.

வீட்டாருக்கு ஒரு சொல்

மாமிமாரே, உங்கள் மருமகள் உங்களுக்கு மகள்தான். "இப்ப எப்படி இருக்கு?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கணவர்மாரே, கிளினிக்குக்கு ஒருநாள் கூடச் செல்லுங்கள். வைத்தியர் சொல்வதை உங்கள் காதால் கேட்டால், இரவில் அவர் ஏன் உறங்காமல் இருக்கின்றார் என்பது விளங்கும். பெரிய பிள்ளைகள் இருந்தால் உலையை இறக்கவும் உடுப்புத் துவைக்கவும் பழகட்டும். நபி (ஸல்) அவர்களே தமது வீட்டு வேலைகளில் கைகொடுத்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள்.

கடிதம் எழுதிய சகோதரியே, உங்களுக்கு இறுதியாக ஒன்று. இவ்விதழ் கைக்குக் கிடைத்தவுடன் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் வைத்தியரிடம் சென்று, குளிசையை நிறுத்தியதை மறைக்காமல் கூறுங்கள். அவர் ஏசினாலும் பரவாயில்லை. பழைய அளவை நீங்களாகவே மீண்டும் தொடங்க வேண்டாம். எந்த அளவில் தொடங்குவதென்று அவர் சொல்லட்டும். இன்றிரவு கால் எரியும்போது, அந்த இடத்தில் கையை வைத்து பிஸ்மில்லாஹ் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பி, "இங்கேதான் எரிகிறது" என்று அவர் கையையும் எடுத்து அங்கே வையுங்கள். நான்கு பக்கம் எனக்கு எழுதிய உங்களால் அவரிடம் ஒரு வரி சொல்ல முடியும்.

நோயுற்ற சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண சுகத்தையும், அவர்களைச் சூழ இருப்போருக்கு இரக்கமுள்ள உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.